மூக்கு தரும் அவகாசம்

காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் அந்தக் காரின் சொந்தக்காரராக இருப்பதில்லை. ஊரிலிருந்து வந்த மாமா, வழியில் ஏறிக்கொண்ட சக ஊழியர், பின்சீட்டில் முதல்முறையாக உட்கார்ந்த சம்பந்தி வீட்டார், இவர்களில் யாரோ ஒருவர்தான் கதவைச் சாத்தியதும் முகத்தைச் சுளித்து, "என்னங்க, பெட்ரோல் வாடை வருதே?" என்கிறார். நாமோ, "அப்படியா? எனக்கொண்ணும் தெரியலையே" என்கிறோம். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே அதே வண்டியில் நாள்தோறும் போய்வரும் நமக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதன் ஒவ்வொரு சத்தமும் நமக்கு அத்துப்படி. எந்த கியரில் திணறும், எந்த மேட்டில் முனகும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் அது சொல்ல வேண்டியவற்றிலேயே முக்கியமான செய்தி, அதற்குள் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகாத ஒருவரிடம் போய்ச் சேர்கிறது.

இதில் வியப்புக்கு ஒன்றுமில்லை என்று உடலியல் சொல்லும். மூக்கு மாற்றத்தை அறிவிக்கவே பழகிய உறுப்பு. ஒரே வாடை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் அது அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடுகிறது. காட்டில் திரிந்த மனிதனுக்கு இது வரமாக இருந்திருக்கும். தான் படுத்த குகையின் வாடையையே நாளெல்லாம் நுகர்ந்துகொண்டிருந்தால், நெருங்கிவரும் புலியின் வாடையை அவன் தவறவிட்டிருப்பான். ஆனால் புலி வெளியிலிருந்துதான் வரும் என்ற அனுமானத்தின்மேல் கட்டப்பட்ட ஏற்பாடு அது. ஆபத்து நம் இருக்கைக்கு அடியிலேயே, நாளுக்கு நாள் இம்மியளவாகக் கூடிக்கொண்டு போகும்போது அந்த ஏற்பாடு நம்மைக் கைவிட்டுவிடுகிறது. வெளியிலிருந்து வரும் பகையை அறிய நமக்குப் புலன் உண்டு; உள்ளேயே வளர்வதை அறிய இன்னொருவரின் புலன் தேவைப்படுகிறது.

பெட்ரோலுக்கு வாடை இருப்பதை நாம் ஒரு தொல்லையாகவே எண்ணுகிறோம். வாடையே இல்லாத எரிபொருள் என்ன செய்யும் என்பதை 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடம் அறிந்தது. கட்டடத்தின் அடித்தளத்தில் கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிற்பகலில் ஒரு பொறி பட்டது. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எரிவாயுவில் வேண்டுமென்றே துர்நாற்றத்தைக் கலக்க வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பிறகுதான் அங்கே பிறந்தது. நம் அடுக்களை சிலிண்டர் கசிந்தால் குமட்டுகிறதே, அதுவும் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைக் கலந்து மனிதன் செய்துகொண்ட ஏற்பாடுதான். பெட்ரோல் விஷயத்தில் அந்தப் பொறுப்பை இயற்கையே எடுத்துக்கொண்டது.

எவ்வளவு தாராளமாக எடுத்துக்கொண்டது என்று கணக்குப் பார்த்தால் வியப்பு வரும். காற்றில் பத்து லட்சத்தில் கால் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே பெரும்பாலோர் மூக்கு அதைக் கண்டுகொள்ளத் தொடங்கிவிடும். அந்த ஆவி தீப்பற்ற வேண்டுமானால் காற்றில் 100க்கு 1.4 பங்காவது இருந்தாக வேண்டும். அறிவதற்கும் எரிவதற்கும் நடுவே 50,000 மடங்குக்கு மேற்பட்ட தூரம். அத்தனை முன்கூட்டியே வேறெந்த ஆபத்தும் நம் வாசலில் வந்து குரல் கொடுப்பதில்லை. மாரடைப்பு கொடுப்பதில்லை, வெள்ளம் கொடுப்பதில்லை, கடன்கூடக் கொடுப்பதில்லை.

இந்தத் தூரத்தைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தாழ்வான இடத்தில் இறங்கித் தேங்கும். நம் மூக்கோ மேலே இருக்கிறது. முன்சீட்டில் இலேசாக மணக்கும்போதே, கசியும் இடத்தின் அருகில் அது பற்றிக்கொள்ளும் அளவை எட்டியிருக்கலாம். ஆகவே மூக்கு நமக்குத் தருவது அவகாசம் மட்டுமே. அதை வைத்து என்ன செய்கிறோம் என்பது நம் கையில் விடப்பட்டிருக்கிறது.

என்ன செய்கிறோம்? முதலில் கண்ணாடியை இறக்குகிறோம். அடுத்து டாஷ்போர்டில் எலுமிச்சை மணமோ மல்லிகை மணமோ வீசும் குப்பி ஒன்று வந்து உட்காருகிறது. பிறகு சமாதானங்கள் வருகின்றன. இப்போதுதான் பெட்ரோல் போட்டோம், அதனால் இருக்கும். முன்னால் போகும் லாரியின் வாடையாக இருக்கும். 2023இலிருந்து பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கிய, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் குணமாக இருக்கும். இந்தக் கடைசிச் சமாதானத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் கலவைக்கென்று உருவாக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் கெடுக்கக்கூடும் என்பது மெய்தான். ஆனால் மெய்யாக இருந்தால் செய்ய வேண்டியது என்ன? நம் வண்டியின் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். நாமோ பார்க்காமலிருப்பதற்கே அந்த மெய்யைப் பயன்படுத்துகிறோம். எல்லோருக்கும் பொதுவான காரணம் ஒன்று கிடைத்துவிட்டால், நமக்கே உரிய காரணத்தைத் தேடும் கடமையிலிருந்து விடுபட்டுவிட்டதாக மனம் நினைத்துக்கொள்கிறது.

தள்ளிப்போடுவது எத்தனை சாதாரணமான முகத்தோடு வரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சாட்சி உண்டு. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, பதினொன்றரை மணியளவில், போபால் ஆலையில் பணியிலிருந்தவர்களுக்குக் கண் எரிந்தது. எங்கோ கசிகிறது என்பது புரிந்தது. தேநீர் இடைவேளை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அது ஒத்திவைக்கப்பட்டது. கண்ணெரிச்சல் அந்த ஆலைக்குப் புதிதல்ல. அங்கே யாரும் கொடியவராக இருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பழகியவராக இருந்ததே போதுமாக இருந்தது.

சரி, ஒருநாள் காரணத்தைத் தேடிப் புறப்பட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். தேடல் தொடங்கியதுமே இன்னொரு பாடம் காத்திருக்கிறது: வாடை வரும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. இன்ஜின் பக்கம் கசிவது ஏசி வழியாக முகத்தில் வந்து அடிக்கும். பின்சக்கரத்தருகே கசிவது ஓட்டுநரின் காலடியில் மணக்கும். வாடையைப் பின்தொடர்ந்து போனால் அது நம்மைச் சுற்றிச் சுற்றி அலையவிடும்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையோரத்தில், தகரக் கூரையின் கீழ் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவர் இந்தத் தேடலை நடத்தும் விதம் கவனிக்கத் தக்கது. வண்டியை முகர்ந்து பார்ப்பதே இல்லை. முப்பது வருடமாகப் பெட்ரோலில் நனைந்த கைகளோடு சாப்பிட்டுவரும் மனிதருக்கு அந்த வாடை எப்போதோ செத்துப்போய்விட்டது. அதை அவர் மறைப்பதுமில்லை. "எனக்கு வாடை தெரியாது சார். யாரு மொதல்ல சொன்னாங்களோ அவங்களக் கூட்டிட்டு வாங்க" என்கிறார். வந்தவரிடம் அவர் கேட்பது எங்கே என்று அல்ல, எப்போது என்று. டேங்க் ஃபுல் பண்ணின அன்றைக்கா, எல்லா நாளுமா? காலையில் கதவைத் திறந்ததுமா, ஓடி நின்ற பிறகா? ஏசி போட்டால் கூடுதலா, குறைவா? இடத்தைப் பற்றி வாடை பொய் சொல்லும். காலத்தைப் பற்றிச் சொல்லாது. டேங்க் நிரம்பிய நாள்களில் மட்டும் என்று பதில் வந்ததும் அவர் பானெட்டைத் திறக்காமல் பின்சக்கரத்துக்கு ஜாக்கி வைக்கிறார்.

டார்ச் வெளிச்சத்தில் தெரிவது ஒரு சின்னக் காட்சி. பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த ரப்பர் குழாய் முழுக்க, இந்தச் சாலைகளின் கன்டெய்னர் லாரிகள் கிளப்பிவிட்ட செம்மண் தூசி படிந்திருக்கிறது. அடி முனையில், உலோகக் கிளிப் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, விரல் அகலத்துக்கு மட்டும் தூசி இல்லை. ரப்பர் கழுவித் துடைத்துவிட்டதுபோல் கறுப்பாகப் பளிச்சிடுகிறது. ஈரம் இல்லை, சொட்டு இல்லை; கசிந்த பெட்ரோல் தூசியைக் கழுவிக்கொண்டு போய்க் காற்றில் கலந்துவிட்டது. மெக்கானிக் அங்கே நகத்தால் அழுத்துகிறார். ரப்பர் குழிவதில்லை. இறுகிப்போய், விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள். வண்டியின் அடிப்பாகம் முழுவதிலும் ஆகச் சுத்தமாக இருக்கும் இடமே பழுதான இடம் என்ற இந்த விசித்திரத்தை அவர் பல தடவை பார்த்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயை அறுத்து எடுத்து, புதுசு மாட்டி, கிளிப்பை இறுக்குகிறார். பழைய கிளிப்பைத் திரும்பப் போட மறுக்கிறார். நாம் கேட்டும்கூட.

இதில் நம் பங்கும் ஒன்று உண்டு. பெட்ரோல் பங்க்கில் பம்ப் தானாக நின்ற பிறகும், "ரெண்டாயிரமா ரவுண்டு பண்ணிடுங்க" என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? டேங்கில் ஆவிக்கென்று விடப்பட்ட வெற்றிடத்தை முப்பது ரூபாய்ப் பெட்ரோலால் அடைக்கிறோம். ஆவியைப் பிடித்துவைக்கும் கரித்தூள் டப்பாவுக்குள்ளேயே திரவம் ஏறிவிடக்கூடும். 2014இல் மாருதி நிறுவனம் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்தை மாற்றித் தருவதற்காக. பம்ப் நின்ற அளவுக்கு மேல் நிரப்பினால் வாடையும், அரிதாகக் கசிவும் ஏற்படலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். பாகத்தின் குறை நிறுவனத்துடையது. அந்தக் குறை வெளிப்படுவதற்கான சூழலை அமைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்முடையது. வெற்றிடத்தை வீண் என்று கருதும் மனம், அந்த வெற்றிடம் எதற்காக விடப்பட்டது என்று கேட்பதில்லை.

இதே ஒரகடத்துக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. இங்கே அப்போது ரெனால்ட் நிசான் கூட்டுடைமையாக இருந்த ஆலையில் உருவாகி, 2015 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த க்விட் கார் சில மாதங்களிலேயே தெருவெங்கும் ஓடியது. 2016 அக்டோபரில், அந்த ஆண்டு மே 18 வரை தயாரான 800 சிசி க்விட் கார்களில் ஏறத்தாழ 50,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. எரிபொருள் அமைப்பைச் சோதித்து, எரிபொருள் குழாய்க்கு ஒரு கிளிப் பொருத்துவதே வேலை. ரோபோக்கள் பற்றவைக்கும் உடல், கணினி அளந்து தெளிக்கும் எரிபொருள், கண்டங்கள் தாண்டிய கூட்டணி, எல்லாம் கடைசியில் ஒரு கிளிப்பின் பிடியில் வந்து நிற்கின்றன. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்தக் கிளிப்புக்காக 50,000 வீடுகளுக்குச் சொல்லியனுப்பியதில் ஒரு நேர்மை இருக்கிறது. மணக்கும் குப்பியை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டும் நம்மிடம் இல்லாத நேர்மை.

புதிய மாதிரி ஒன்றுக்குச் சான்று தரும் முன் நடக்கும் சோதனைகளில் ஒன்று இன்னும் கடுமையானது. காரை மூடிய அறைக்குள் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, பகலின் வெப்பம் ஏறி இறங்குவதுபோல் அறையைச் சூடாக்கி, அது வெளியிடும் ஆவியை அளக்கிறார்கள். மொத்தம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. ஓடும்போது எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றிய கேள்வியே அங்கே இல்லை. ஓய்ந்து நிற்கும்போது எதைக் கசியவிடுகிறது என்பதை வைத்து ஒரு வண்டி மதிப்பிடப்படுகிறது. மனிதர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இப்படி ஓர் அறை இருந்தால் நம்மில் பலர் தேறமாட்டோம். ஆனால் சான்று பெறுவது புது வண்டி. அதன் ரப்பர் சென்னை வெயிலில் பத்து ஆண்டு வெந்த பிறகு அந்த அறைக்கு யாரும் அதை மறுபடி கொண்டுபோவதில்லை. அதற்குப் பிறகு அதை அளக்கும் ஒரே கருவி, எப்போதாவது ஏறி உட்காரும் அந்நியரின் மூக்கு.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசே உத்தரவிடலாம்; அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. போதிய எண்ணிக்கையில் புகார் சேர்வது அதற்கு ஒரு வழி. புகார் என்றால் என்ன? யாரோ ஒருவர் முகத்தைச் சுளித்து, அதோடு நிற்காமல், எழுதிப் பதிந்தது. எழுதப்படாத முகச்சுளிப்புகள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய வாடைகள் பல. பெயின்ட் ஷாப்பின் தின்னர், ரப்பர் உருகும் வாடை, வெட்டும் எண்ணெயின் வாடை. செய்யாற்றிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ புதிதாக வந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் இளைஞருக்கு முதல் வாரம் தலை வலிக்கிறது. "போகப் போகப் பழகிடும் தம்பி" என்று மூத்தவர் ஆறுதல் சொல்கிறார். அன்பினால் சொல்லப்படும் வாக்கியம்தான். ஆனால் அந்த முதல் வாரத் தலைவலி அந்த ஆலைக்கு விலையில்லாமல் கிடைத்த ஒரு சோதனை அறிக்கை என்பதை நாம் நினைப்பதில்லை. வாடை மட்டுமல்ல. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்காகக் கைபேசி தயாரிக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நூற்றுக்கணக்கில் நோயுற்று, சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது அதன் பிறகுதான். தரக்குறைவு அந்த வாரத்தில் முளைத்ததாக இருக்க முடியாது. "இங்கெல்லாம் அப்படித்தான்" என்ற சொல்லுக்குக் கீழே அது நெடுநாள் தேங்கியிருக்கும், ஆவி தாழ்விடத்தில் தேங்குவதுபோல.

ஆக, ஒன்றோடு நீண்ட நாள் வாழ்ந்தவருக்கே அதைப் பற்றித் தெரியும் என்ற நம் நம்பிக்கை பாதிதான் சரி. குறை இருக்கிறது என்பதை உணர்பவர் ஒருவர், அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிபவர் இன்னொருவர். முதலாமவருக்குக் காரணம் தெரியாது, இரண்டாமவருக்கு உணர்ச்சி மரத்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் மதித்துக் கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் பழுது பழுதாகத் தெரியத் தொடங்குகிறது, மற்ற இடங்களிலெல்லாம் புதியவரின் உணர்வு அறியாமை என்று ஒதுக்கப்பட்டும் பழையவரின் மரப்பு அனுபவம் என்று போற்றப்பட்டும், இயற்கை அத்தனை தாராளமாக அளந்து கொடுத்த அவகாசம், ஒரு வீட்டிலோ ஓர் ஆலையிலோ ஒரு நாட்டிலோ, யாரும் திருடாமலேயே கரைந்து போகிறது. புதிய மருமகள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகளும், முதல் நாள் வேலைக்கு வந்தவரின் தயக்கமும், வெளியூர் விருந்தாளியின் முகச்சுளிப்பும் நம் அறிவின் ஒரு பகுதி. நம் உடம்புக்கு வெளியே இருப்பதால் அவற்றை நாம் அப்படி அடையாளம் காண்பதில்லை.

அந்தத் தகரக் கூரை மெக்கானிக் வேலை முடிந்ததும் பணம் வாங்க அவசரப்படுவதில்லை. டேங்கை நிரப்பி, பம்ப் நின்றதும் நிறுத்தி, இரவு முழுக்கக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டி வைக்கச் சொல்கிறார். காலையில் சாவியைப் போடும் முன் வேறு யாரையாவது உள்ளே உட்கார வைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இந்த வண்டி பழகிப்போயிருக்குமே என்றால், "எதுத்த வீட்டுக்காரரக் கூப்பிடுங்க சார். அவரு ஒண்ணும் இல்லன்னு சொல்லட்டும், அப்புறம் காசு குடுங்க" என்கிறார்.